மீதி என்ன என்று கேட்பவர்

என் சம்பந்தி எனக்கு ஐம்பதாயிரம் பாக்கி வைத்திருந்தார். கைமாற்று அல்ல, சரக்குக் கடன். அவர் பங்குதாரராக இருக்கும் தண்ணீர் ஆய்வுக்கூடத்துக்கு என் கடையிலிருந்து ஒரு பாட்டில் போனது. பாட்டில் போய்ச் சேர்ந்தது, பணம் வந்து சேரவில்லை. ஏன் என்று போன் போட்டுக் கேட்டேன்.

"பாட்டில் வந்துடுச்சு சம்பந்தி. அதோட வந்த பேப்பரைத்தான் படிச்சிட்டிருக்கேன்."

"இன்னுமா?"

"இப்பதான் ரெண்டாவது பக்கத்துக்கு வந்திருக்கேன்."

அந்தத் தாளே மொத்தம் இரண்டு பக்கம்தான். முதல் பக்கத்தில் பாதி, கம்பெனியின் விலாசம்.

வாசகர்களே, இந்த இனத்தைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். காகிதப் பரிசோதகர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். பொருளைப் பரிசோதிப்பவர் வேறு. அவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சோறு தண்ணீர் மறந்து, இயந்திரத்தின் முன்னால் நிற்பவர். இவர் அந்தப் பொருளோடு வரும் தரச் சான்றைப் பரிசோதிப்பவர். ஆய்வுக்கூடம், மருத்துவமனை, தொழிற்சாலை என்று சரக்கு வந்து இறங்கும் இடம் எதுவாக இருந்தாலும் அங்கே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் இவர். சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா இருக்கும். சிவப்பு மட்டும் சீக்கிரம் தீரும்.

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். கேளுங்கள், எனக்கும் சொல்ல ஆசைதான். நான் ஐந்தாம் வகுப்பு. அதிலும் அரைப் பரீட்சை வரைதான். ரசாயனக் கடையில் காலி பாட்டில் கழுவ ஆரம்பித்தவன். இன்று இந்த ஊரில் எந்த ஆய்வுக்கூடத்தின் அலமாரியைத் திறந்தாலும் என் கடை முத்திரை குத்திய பாட்டில் ஒன்று உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். குளிர்பெட்டி வைத்த இரண்டு வேன், மாடி வைத்த கிடங்கு, என் கோணல் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்து நிற்கும் வங்கி மேனேஜர், எல்லாம் நானாகச் சேர்த்தது. பெருமை அடிக்கிறேன் என்றால் அடிக்கத்தான் செய்கிறேன். அடிக்க ஏதோ இருக்கிறது, அடிக்கிறேன்.

அந்தத் தாள் என்ன தாள் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடத்துக்கு விற்கும் எந்தப் பொருளும் தனியாகப் போகாது. துணைக்கு ஒரு தாள் போகும். பாட்டிலில் இருப்பது இன்ன பொருள், இன்ன தேதியில் செய்தது, இப்படி இப்படிச் சோதித்தோம், இருக்கவேண்டிய அளவு இவ்வளவு, இருந்த அளவு இவ்வளவு, தூய்மை நூற்றுக்கு இத்தனை, கீழே கையெழுத்து. ஒவ்வொரு முறை தயாரிக்கும் சரக்குக்கும் ஒரு பேட்ச் நம்பர் உண்டு. அந்த நம்பர் தாளிலும் இருக்கும், பாட்டில் மேல் ஒட்டிய லேபிளிலும் இருக்கும். இந்தத் தாள் இந்தப் பாட்டிலுக்குத்தான் என்பதற்கு அதுதான் சாட்சி. நல்ல ஏற்பாடு. நான் காகிதத்துக்கு எதிரி இல்லை.

ஆனால் என் சம்பந்தி அந்தத் தாளைப் படிக்கும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். முதலில் மேஜையைத் துடைப்பார், பிறகு கண்ணாடியைத் துடைப்பார், தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார், முத்திரையைக் கட்டைவிரலால் தடவி அது மேடாக இருக்கிறதா பள்ளமாக இருக்கிறதா என்று பார்ப்பார், கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று திருப்புவார், ஒன்றும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்வார், தாளை நகல் எடுப்பார், நகலில் வைத்துப் படிப்பார், நகலில் ஏதாவது மங்கலாக இருந்தால் அசலோடு ஒப்பிட்டு "அசல்லயும் இப்படித்தான் இருக்கு" என்று திருப்திப்படுவார். 'தோற்றம்: வெண்ணிறத் தூள்' என்ற வரியை வாய்விட்டுப் படித்து அதன் பக்கத்தில் ஒரு டிக் போடுவார். தூள் வெள்ளையா? தாள் சொல்கிறதே, போதாதா? பாட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். அதை ஏறிட்டும் பார்க்க மாட்டார்.

கடைசியில் தூய்மை என்ற வரிக்கு வருவார். அங்கேதான் அவருடைய மந்திரம்.

"தொண்ணூத்தொம்போது புள்ளி எட்டு. சரி. மீதி என்ன?"

"மீதியா? கொஞ்சம் ஈரமா இருக்கும் சம்பந்தி."

"இருக்குமா, இருக்கா?"

"நான் உள்ள போய்ப் பார்க்கல."

"அப்ப யாரு பார்த்தாங்க? அவங்க கையெழுத்து எங்க?"

தொண்ணூற்றைந்து என்றாலும் மீதி என்ன என்று கேட்பார், தொண்ணூற்றொன்பதே முக்கால் என்றாலும் கேட்பார். ஒரு விற்பனைப் பிரதிநிதி இவர் தொல்லை தாங்காமல் நூற்றுக்கு நூறு என்று அடித்த தாளைக் கொண்டுவந்து நீட்டினார். இவர் ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நூறா? அப்ப இது பொய்."

அதோடு விட்டாரா? சோதித்த கூடத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்பார். உண்டு என்று ஒரு தாள் காட்டினால், அங்கீகாரம் கொடுத்தவருக்கு அங்கீகாரம் கொடுத்தது யார் என்பார். அதற்கும் ஒரு தாள் வரும். இப்படியே படி ஏறிக்கொண்டு போனால் உச்சியில் ஆண்டவன்தான் உட்கார்ந்திருப்பார். அவரையும் நீல மையில் கையெழுத்துப் போடச் சொல்வார் என் சம்பந்தி.

இந்த இனத்துக்கு ஆபீஸ் வேறு வீடு வேறு கிடையாது. பேரப் பிள்ளைக்கு ஒரு நாள் உடம்பு சுட்டது. தெர்மாமீட்டர் வைத்தார்கள், நூற்றிரண்டு. பிள்ளை அனத்துகிறது, என் மகள் ஈரத்துணி தேடுகிறாள், இவர் அலமாரியில் குனிந்து எதையோ தேடுகிறார். மருந்தைத்தான் தேடுகிறார் என்று நானும் கூடவே குனிந்தேன்.

"என்ன சம்பந்தி தேடுறீங்க?"

"இந்த தெர்மாமீட்டருக்கு ஒரு பேப்பர் குடுத்தான். இது சரியா காட்டுதான்னு சோதிச்ச பேப்பர். தேதி முடிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்."

சம்பந்தியம்மா வந்தார், பிள்ளையின் நெற்றியில் கையை வைத்தார், தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டார். அந்தக் கைக்கு யார் அங்கீகாரம் கொடுத்தார்கள்? நான் கேட்கவில்லை. கேட்டால் சம்பந்தி அதையும் எழுதி வைத்துக்கொள்வார்.

பெண் பார்க்க வந்தபோதே இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள். இவர் அவளுடைய மார்க் ஷீட்டைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தார், "ஹீமோகுளோபின் எந்த முறையில எடுத்தது?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் என்ன படித்திருக்கிறேன் என்று விசாரித்தார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினேன். பாட்டில் கழுவிய காலத்தில் அமிலம் பட்டு வெந்த தழும்புகள் இன்னும் இருக்கின்றன. "இதுதாங்க என் சர்டிபிகேட்" என்றேன். கூடத்தில் எல்லோரும் அப்படியே உருகிப்போனார்கள். இவர் மட்டும் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தேதி இல்லையே."

இருந்தாலும் பெண்ணைக் கொடுத்தேன். பையன் தங்கம். தங்கத்துக்கு மீதி என்ன என்று நான் கேட்கவில்லை.

இப்போது பாட்டிலுக்கு வருகிறேன். என் பணம் போகட்டும், ஐம்பதாயிரத்தை நான் காலையில் தொலைத்து மாலையில் சம்பாதிப்பவன். அந்தப் பாட்டிலுக்காகக் காத்திருந்தது என் மகள். அப்பன் தொடாத படிப்பையெல்லாம் படித்தவள். மாமனாரின் ஆய்வுக்கூடத்திலேயே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். பெருவெள்ளம் வந்த நேரத்தில் கிணறு கிணறாகப் போய், முழங்கால் சேற்றில் நின்று, தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். வயலில் அடித்த பூச்சிமருந்து எந்தக் கிணற்றில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். அளப்பதற்குத் தராசுக்குப் படிக்கல் மாதிரி அதே மருந்தின் தூய சரக்கு கொஞ்சம் வேண்டும். அதுதான் என் பாட்டில். பிடித்த தண்ணீரோ குளிர்பெட்டியில் இருந்தாலும் ரொம்ப நாள் தாங்காது. தாமதமானால் கெட்டுவிடும், கெட்டால் அவளுடைய மூன்று வருஷமும் அதோடு போகும். போன வெள்ளத்தை மறுபடி வா என்று யார் கூப்பிட முடியும்?

ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு வந்ததும் அதன் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். 'நிறுத்தி வைக்கப்பட்டது' என்று அர்த்தம். தாள் சரி என்று காகிதப் பரிசோதகர் கையெழுத்துப் போட்டால் பச்சை. தப்பு என்றால் சிவப்பு. மஞ்சள் ஒட்டிய பாட்டிலை யாரும் தொடக்கூடாது, மருமகளாக இருந்தாலும்தான். என் பாட்டிலின் வயிற்றில் என் சம்பந்தி தன் கையாலேயே மஞ்சள் ஒட்டி, அது எங்கும் ஓடிப் போகாமல் தன் மேஜை மேலேயே வைத்துக்கொண்டார்.

முதலில், பக்க எண் இல்லை என்றார். என் ஆபீஸில் இருப்பவர்கள் தாளில் இருந்த பேட்ச் நம்பரைச் சொல்லித் தயாரித்த கம்பெனிக்குப் போன் போட்டு, பக்க எண் போட்ட தாள் வாங்கினார்கள். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முத்திரை சதுரமாக இருக்கிறது, வட்டமாக வேண்டும் என்றார். மறுபடி போன், மறுபடி அதே நம்பர், வட்ட முத்திரை வந்தது. கையெழுத்து கறுப்பு மையில் இருக்கிறது, நகலோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றார். நீலம் வந்தது. நீலம் முத்திரையின் மேலே ஏறிவிட்டது, கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள் என்றார். கம்பெனிக்காரர்கள் கடைசியில் என்னிடம் கேட்டார்கள்: "ஐயா, இது பாட்டில் வாங்கவா, படம் மாட்டவா?"

கையெழுத்தைத் தள்ளிப் போட்ட தாளோடு ஒரு நாள் நேரே போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மேஜையில் அந்த ஒரு பாட்டிலுக்கான தாள்கள் மட்டும் தலையணை உயரம் இருக்கும். அவை பறந்துவிடாமல் இருக்க அவற்றின் மேல் கனமாக ஒன்றை வைத்திருந்தார். என்ன என்று நினைக்கிறீர்கள்? என் பாட்டில்தான்.

"எல்லாம் சரியா வந்துடுச்சு சம்பந்தி. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"சொல்லுங்க."

"கையெழுத்துக்குக் கீழ அவரு என்ன பதவின்னு போடல."

நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டோடு என் மகள்.

"மாமா, குளிர்பெட்டியில முதல் வரிசை தண்ணி கலங்க ஆரம்பிச்சிடுச்சு. இன்னிக்கு நான் ஆரம்பிக்கலைன்னா அவ்வளவுதான்."

"பதறாதம்மா. அப்பா இப்ப போன் போட்டா நாளன்னிக்குள்ள பதவி வந்துடும்."

"பதவி வரும். தண்ணி இருக்காது."

"பேப்பர் சரியில்லாத சரக்கைத் தொட்டேன்னு நாளைக்கு உன் பேராசிரியர் கேட்டா என்ன சொல்லுவ?"

"தொடாம வச்சிருந்து கெட்டுப்போச்சுன்னு சொன்னா மட்டும் பட்டம் குடுத்துடுவாரா? அப்பா, நீங்களாவது சொல்லுங்க."

"நான் என்னத்த சொல்ல? நான் பணம் கேட்டாலே பக்க எண் இருக்கான்னு கேக்குறாரு" என்றேன்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்துவிட்டு எட்டிப் பாட்டிலைத் தூக்கினாள்.

"ஐயோ, வை! பேப்பர்!" என்று அலறினார் சம்பந்தி.

பறந்தது வாசகர்களே, தலையணை அப்படியே பறந்தது. அசல் ஜன்னல் பக்கம், நகல் அலமாரி மேல், வட்ட முத்திரை என் மடியில், நீலக் கையெழுத்து மேஜைக்கு அடியில். விசிறியை நிறுத்தலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இரண்டு வேனுக்கு முதலாளியான நான் மேஜைக்கு அடியில் தவழ்கிறேன், ஆய்வுக்கூடப் பங்குதாரர் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுகிறார். "மூணாவது பேப்பர் கிடைச்சுதா?" "மிதிச்சுட்டீங்க சம்பந்தி, காலை எடுங்க!"

தலைக்கு மேல் சர்ரென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். என் மகள் நகத்தால் மஞ்சள் ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருந்தாள்.

"உரிக்காதே! அதுல நான் கையெழுத்து போட்டிருக்கேன்!"

"போட்டிருக்கீங்க மாமா. எது மேல போட்டிருக்கீங்க?" அவள் குரல் மாறியிருந்தது. "உங்க கையில இருக்கிற பேப்பர்ல பேட்ச் நம்பர் என்ன?"

அவர் தரையில் உட்கார்ந்தபடியே, பழக்க தோஷம், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "...நாப்பத்தேழு."

"அப்பா, உங்க கையில?"

"அதே நாப்பத்தேழுதான்மா."

"பாட்டில்ல அம்பத்திரெண்டு."

மஞ்சள் ஸ்டிக்கரை அவர் ஒட்டியிருந்தது சரியாக அந்த நம்பரின் மேல். ஒரு தாளை இன்னொரு தாளோடு ஒப்பிட்டார், தாளை பில்லோடு ஒப்பிட்டார், பில்லை ஆர்டரோடு ஒப்பிட்டார். எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தின. பாட்டிலோடு ஒப்பிட மட்டும் பாட்டிலுக்கு நேரம் கிடைக்கவில்லை. அது தாள்கள் பறக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தது.

சம்பந்தி தாளைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், உறுதியான குரலில் சொன்னார்: "அப்ப பாட்டில் தப்பு."

"பேப்பர் தப்பு" என்றேன் நான்.

"பாட்டிலும் சரி, பேப்பரும் சரி" என்றாள் என் மகள். "ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, அவ்வளவுதான். அப்பா, ஒரே பெட்டியில ரெண்டு பாட்டில் வந்திருக்கும். உங்க கடையில கட்டும்போது பேப்பரை மாத்தி வச்சிருக்காங்க. அப்புறம் அந்தப் பேப்பரைப் பார்த்தே பேப்பர் வாங்கிட்டிருக்கீங்க."

இதில் எனக்கு வெட்கம் என்று ஒன்றும் இல்லை. பொருள் சுத்தம், தாள் வழி தவறிவிட்டது. பெரிய கடை என்றால் பெட்டியும் நிறைய வரும். அப்போதே போன் போட்டேன், இந்தத் தடவை பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இருந்த நம்பரைச் சொன்னேன். உரிய தாள் கம்ப்யூட்டரில் உடனே வந்தது. தூய்மை: தொண்ணூற்றேழு.

என் சம்பந்திக்கு உயிர் திரும்பியது. "தொண்ணூத்தேழா? மீதி என்ன?"

"மீதி என்னவா வேணா இருக்கட்டும் மாமா. ஆர்டர்ல தொண்ணூத்தஞ்சுக்குக் குறையக் கூடாதுன்னுதான் கேட்டிருந்தோம். எவ்வளவு சுத்தம்னு எனக்குக் கவலை இல்ல, எவ்வளவுன்னு தெரியணும். தொண்ணூத்தேழுன்னா தொண்ணூத்தேழுக்குக் கணக்கு போட்டுக்குவேன். உங்க பேப்பரை நம்பித் தொண்ணூத்தொம்போது புள்ளி எட்டுன்னு போட்டிருந்தா, அத்தனை கிணத்துக் கணக்கும் தப்பாயிருக்கும். பச்சை ஸ்டிக்கர் குடுங்க. மூடி மேல ஒட்டுங்க."

மூடி மேல் ஒட்டினார். ஒட்டுவதற்கு முன் பாட்டிலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அவர் ஒரு பாட்டிலைப் பார்த்ததை அன்றுதான் நான் பார்த்தேன். அவள் அன்றே வேலையை ஆரம்பித்தாள். முதல் வரிசையில் சில புட்டித் தண்ணீர் வீண்தான். மற்றதெல்லாம் பிழைத்தது, கணக்கும் நின்றது, பேராசிரியரும் தலையசைத்துவிட்டார். இனி வீட்டில் எனக்கு முன்னால் ஒரு டாக்டர் நடப்பார். அதுவும் நான் சம்பாதித்ததுதான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மருந்து அட்டையின் விலையைப் படித்துவிட்டு மாத்திரையைப் பார்க்காமல் விழுங்குகிறீர்களே, அது யார்? மாப்பிள்ளையின் பட்டத்தைப் படித்துவிட்டு மாப்பிள்ளையைப் படிக்காமல் பெண்ணைக் கொடுக்கிறீர்களே, அது யார்? பிள்ளையின் மார்க் ஷீட்டில் இருக்கும் தொண்ணூற்றேழைப் பார்த்துவிட்டு, எதிரே நிற்கும் பிள்ளையைப் பார்க்காமலே 'மீதி மூணு எங்கே?' என்று கேட்டது, சொல்லுங்கள், என் சம்பந்தியா?

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை வைக்கிறேன். என் பாக்கியைத் தீர்க்க சம்பந்தி வீட்டுக்கே வந்தார். கையில் ஓர் உறை. உறையின் மேல் அழகாக அச்சடித்திருந்தது: தொகை ஐம்பதாயிரம். தேதி, பில் எண், வட்ட முத்திரை, முத்திரை மேல் ஏறாமல் தள்ளிப் போட்ட நீலக் கையெழுத்து, அதன் கீழே பதவி. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "எதுக்கு சம்பந்தி இவ்வளவு அவசரம்" என்று சிரித்துக்கொண்டே உறையைச் சட்டைப் பையில் வைத்திருப்பீர்கள். ஆம் என்றால் நீங்களும் அந்த இனம்தான், வருத்தப்படாதீர்கள், பெரிய குடும்பம்.

நான் வைக்கவில்லை. தழும்பு போட்ட கையை விரித்து நீட்டினேன்.

"எண்ணுங்க."

"மேலதான் போட்டிருக்கே சம்பந்தி."

"மேல போட்டிருக்கு. உள்ள?"

உறையைப் பிரித்து என் உள்ளங்கையில் ஐநூறு ஐநூறாக எண்ணிப் போட்டார். எண்ணிக்கொண்டே வந்தவர் தொண்ணூற்றேழாவது நோட்டில் நின்றார். உறை காலி.

"சரக்கு தொண்ணூத்தேழுதானே" என்றார், முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லாமல். "மேல இருக்கிறது பில்லுக்கு. உள்ள இருக்கிறது சரக்குக்கு."

நான் கையை மடக்கவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக அவருடைய மந்திரத்தை அவரிடமே சொன்னேன்.

"மீதி என்ன?"

சம்பந்தி என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மூன்று நிறப் பேனாவுக்குப் பின்னால் விரலை விட்டு மடித்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக நீவி, என் உள்ளங்கையில் வைத்தார்.

"தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தொம்போது. நூறு."